பினாங்கு கல்லறையும் லண்டன் மேடையும்: ‘தி கிங் அண்ட் ஐ’ பார்த்த இரவு

பினாங்கு ஜாலான் சுல்தான் அகமட் ஷாவில் பழைய புராட்டஸ்டண்ட் கல்லறைத் தோட்டம் ஒன்று இருக்கிறது. கெம்போஜா மரங்கள் நிறைந்த இடம். பள்ளிச் சுற்றுலாவில் போனவர்கள் அங்கே பிரான்சிஸ் லைட்டின் கல்லறையைப் பார்த்திருப்பீர்கள். அதே தோட்டத்தில் தோமஸ் லியோன் ஓவன்ஸ் என்பவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1859-இல் பினாங்கில் இறந்தவர். ஆளுநரும் இல்லை, படைத்தளபதியும் இல்லை. தங்கும் விடுதி நடத்திப் பிழைத்த சாதாரண மனிதர். படிவம் இரண்டில் நான் அங்கே போனபோது அந்தப் பெயரைக் கவனிக்கக்கூட இல்லை. வெயிலும் கொசுவும்தான் நினைவில் இருக்கின்றன.

அவருடைய பெயரில் இருந்த இரண்டு சொற்களும் ஒட்டி, பின்னாளில் ‘லியோனோவென்ஸ்’ என்ற குடும்பப் பெயரானது. அவருடைய மனைவி ஆன்னா லியோனோவென்ஸ். கணவர் போன பிறகு இரண்டு பிள்ளைகளோடு சிங்கப்பூருக்குப் போய், அங்கிருந்த ஆங்கிலேய அதிகாரிகளின் பிள்ளைகளுக்குச் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார். 1862-இல் சயாம் மன்னர் மோங்குட் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஓர் ஆசிரியையைத் தேடினார். அந்தத் தேடலில் உதவியவர்களில் ஒருவர் சிங்கப்பூரில் சயாமின் தூதராக இருந்த டான் கிம் சிங். டான் டோக் செங் மருத்துவமனை தெரியும் அல்லவா? அந்த டான் டோக் செங்கின் மகன்தான் இவர். இப்படி நம் வட்டாரத்தில் தொடங்கிய ஒரு வேலை வாய்ப்புதான், உலகில் அதிகம் மேடையேறிய இசை நாடகங்களில் ஒன்றுக்கு வித்திட்டது.

இந்தப் பருவத்தில் மேடைக்கலை பாடம் ஒன்றை எடுத்திருக்கிறேன். மேடையில் நடந்து, அப்படியே படமாக்கப்பட்ட ஓர் இசை நாடகத்தைப் பார்த்து ஆய்வு எழுத வேண்டும் என்பது இடுபணி. நான் தேர்ந்தெடுத்தது, லண்டன் பல்லேடியம் அரங்கில் 2018-இல் மேடையேறிய ‘தி கிங் அண்ட் ஐ’. அந்த ஆண்டு நவம்பரில் பல நாட்டுத் திரையரங்குகளில் வெளியானது. நாங்கள் பார்த்தது விடுதி அறையில், ஒரு மடிக்கணினியைச் சுற்றி மூன்று பேர், ஆளுக்கொரு கிண்ணம் மெகி மீயுடன். அறைத்தோழிகளில் ஒருத்தி ஜொகூர்காரி. இன்னொருத்தி கெடாவைச் சேர்ந்த சயாமிய வம்சாவளிப் பெண். அவள் வெறும் துணைக்குத்தான் உட்கார்ந்தாள். ஆனால் அன்றிரவு அதிகம் பேசியது அவள்தான்.

சயாம் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவுக்கு வருவது வேறு: மரண ரயில். அந்தக் கதை தெரிந்த என் பாட்டியிடம் “சயாமைப் பற்றி ஒரு பாட்டு நாடகம் பார்த்தேன்” என்று தொலைபேசியில் சொன்னபோது, “அதில் என்ன பாட்டு வேண்டிக் கிடக்கு?” என்றார். விளக்குவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

உங்களில் பலர் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’ பார்த்திருப்பீர்கள். அதற்கு இசையும் பாடலும் தந்த ரிச்சர்ட் ரோட்ஜர்ஸ், ஒஸ்கார் ஹேமர்ஸ்டைன் ஜோடிதான் இதையும் உருவாக்கியது. 1951 மார்ச்சில் நியூயார்க்கில் முதல் மேடையேற்றம். மன்னராக நடித்த யூல் பிரின்னர் அந்த வேடத்தைத் தம் வாழ்நாளில் 4,625 முறை மேடையில் ஏற்றார். 1956-இல் வந்த திரைப்படத்துக்கு அவருக்கு ஒஸ்கார் விருதும் கிடைத்தது. மொட்டைத் தலையும் இடுப்பில் ஊன்றிய கைகளுமாக அவர் நிற்கும் படத்தை எங்காவது பார்த்திருப்பீர்கள். பல்லேடியம் மேடையிலேயே 1979-இல் அவர் இந்த வேடத்தில் நடித்திருக்கிறார்.

அப்படிப்பட்ட ஒரு வேடத்தை இன்னொருவர் எப்படி ஏற்பது? இயக்குநர் பார்ட்லெட் ஷெர் 2015-இல் நியூயார்க்கின் லிங்கன் சென்டரில் இந்த நாடகத்தை மீண்டும் மேடையேற்றியபோது, மன்னர் வேடத்துக்கு ஜப்பானிய நடிகர் கென் வத்தனாபேயை அழைத்தார். ‘தி லாஸ்ட் சாமுராய்’, ‘இன்செப்ஷன்’ படங்களில் நடித்தவர். ஆன்னாவாக கெல்லி ஓஹாரா. அந்த ஆண்டு டோனி விருதுகளில் சிறந்த மறு மேடையேற்றம், சிறந்த நடிகை, சிறந்த துணை நடிகை, சிறந்த உடையலங்காரம் என நான்கைத் தட்டிச் சென்றது. அந்தத் தயாரிப்புதான் மூன்றாண்டு கழித்து லண்டனுக்குப் போய்ப் படமாக்கப்பட்டது.

படமாக்கப்பட்ட மேடை நாடகம் என்பது தனி வகை. பள்ளி ஆண்டு விழாவை யாரோ பின்வரிசையிலிருந்து பதிவு செய்வதுபோல் அல்ல; திரைப்படமும் அல்ல. அரங்கில் மக்கள் இருக்கிறார்கள், கைதட்டல் கேட்கிறது, ஆனால் பல படக்கருவிகள் பல கோணங்களிலிருந்து நமக்காகப் பார்க்கின்றன. 2,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கில் கடைசி வரிசைக்காரருக்குக் கிடைக்காத ஒன்று நமக்குக் கிடைக்கிறது: முகம். மன்னரின் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆசிரியையிடம் அறிமுகமாகும் ஊர்வலக் காட்சியில் பாட்டே கிடையாது, இசை மட்டும்தான். அரங்கில் இருந்திருந்தால் அது அழகான ஓர் அணிவகுப்பு. திரையில், அப்பாவைக் கடந்து போகும்போது ஒரு குழந்தை எப்படி நடையை மாற்றிக்கொள்கிறது என்பது வரை தெரிகிறது.

இழப்பும் உண்டு. எங்கே பார்க்க வேண்டும் என்பதை நமக்குப் பதிலாக வேறொருவர் முடிவு செய்துவிடுகிறார். மன்னரும் ஆன்னாவும் போல்கா ஆடும் புகழ்பெற்ற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இருவரும் கைகளை மட்டும் பிடித்துக்கொண்டு ஆடுகிறார்கள். ஆங்கிலேயர்கள் ஆடியபோது இப்படி இல்லையே என்று மன்னர் நிறுத்துகிறார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி அவள் இடையில் வைக்கிறார். அந்த நொடிக்கு நெருக்கக் காட்சி வேண்டும். ஆனால் உடனே அவர்கள் மேடை முழுக்கச் சுழலத் தொடங்கும்போது அந்தப் பெரிய பாவாடையும் காலியான தரையும் முழுதாகத் தெரிய வேண்டும். முகமும் வேண்டும், காலும் வேண்டும். ஒரு திரையில் இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. வத்தனாபேயின் ஆங்கிலம் சரியாகப் புரியவில்லை என்று நியூயார்க் விமர்சகர்கள் அப்போதே குறைப்பட்டார்கள். எனக்கும் சில இடங்களில் துணைவரி தேவைப்பட்டது. ஆனால் இந்த ஆட்டத்தில் அவருக்கு வசனமே தேவைப்படவில்லை. சின்னப் பையனைப்போல் அவர் சிரிக்கும் சிரிப்புக்காகவே இந்த நாடகத்தைப் பார்க்கலாம்.

கெடா தோழி கணினியை நிறுத்தியது அதற்கு முன்பே, கடிதக் காட்சியில். அமெரிக்காவில் போர் நடக்கிறது என்று கேள்விப்படும் மன்னர், ஆன்னாவைத் தரையில் உட்காரவைத்து லிங்கனுக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார். ஆண் யானைகளை அனுப்புகிறாராம், அவை அமெரிக்கக் காடுகளில் பெருகுமாம். ஆண் யானைகள் மட்டுமா என்று ஆன்னா கேட்க, அரங்கம் சிரிக்கிறது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “இது உண்மையா?” என்று கேட்டாள்.

தேடிப் பார்த்தோம். மன்னர் மோங்குட் அப்படி ஒரு கடிதம் எழுதியது உண்மை. ஆனால் அது 1861 பிப்ரவரியில், போர் தொடங்குவதற்கு முன்பே எழுதப்பட்டது. போருக்காக அல்ல, யானைகள் இல்லாத நாட்டில் அவற்றை வளர்த்துப் பெருக்கிப் பாரம் சுமக்கப் பயன்படுத்தலாம் என்ற யோசனை. ஆணும் பெண்ணுமாக ஜோடி ஜோடியாக அனுப்ப வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. யானை எப்படிப் பெருகும் என்று சயாம் மன்னருக்குத் தெரியாமல் இருக்குமா? 1862 பிப்ரவரியில், எங்கள் நாட்டுத் தட்பவெப்பம் யானைக்கு ஒத்துவராது, நீராவி இயந்திரங்களே போதும் என்று லிங்கன் பணிவாக மறுத்துப் பதில் எழுதினார். ஆன்னா பேங்காக்கில் இறங்கியது அதற்கு அடுத்த மாதம். கடிதத்திலும் அவருக்குப் பங்கில்லை, பதிலிலும் பங்கில்லை.

அதன் பிறகு படத்தைப் பார்த்த நேரத்தைவிடத் தேடிய நேரம்தான் அதிகம். மேடையில் நாம் பார்க்கும் மன்னர் புதிய உலகைப் பற்றி ஆவலும் குழப்பமும் கொண்டவர், உடைந்த ஆங்கிலம் பேசுபவர், ஒரு ஆசிரியை வந்து கண்ணைத் திறக்க வேண்டியவர். உண்மையான மோங்குட் அரியணை ஏறும் முன் 27 ஆண்டுகள் புத்த பிக்குவாக இருந்தவர். பாலி மொழியில் அறிஞர். லத்தீனும் ஆங்கிலமும் பயின்றவர். விக்டோரியா அரசிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவர். ஆன்னாவை வேலைக்கு அழைத்தபோதே, ஆங்கிலமும் அறிவியலும் இலக்கியமும் கற்றுக்கொடுங்கள், மதம் மாற்றும் வேலை வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதியவர். தமக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த ஒரு முதலாளி எழுதும் கடிதம் அது.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஆன்னா 1867-இல் சயாமை விட்டுப் போன பிறகு தம் அனுபவங்களை இரண்டு நூல்களாக எழுதினார். விற்க வேண்டிய கட்டாயம் இருந்தது, கதை கூடியது. அவற்றை வைத்து, தாய்லாந்தில் மிஷனரியாக இருந்த மார்கரெட் லாண்டன் 1944-இல் ஒரு நாவல் எழுதினார். நாவலிலிருந்து மேடை, மேடையிலிருந்து திரை. ஒவ்வொரு கை மாறும்போதும் மன்னர் கொஞ்சம் சிறுத்தார், ஆசிரியை கொஞ்சம் வளர்ந்தார். 1956 படத்தைத் தாய்லாந்து தடை செய்தது. 1999-இல் ஜோடி ஃபோஸ்டர் நடித்த ‘ஆன்னா அண்ட் தி கிங்’ படத்துக்கு அங்கே படப்பிடிப்பு அனுமதி கிடைக்காததால், ஈப்போ, பினாங்கு என்று நம் நாட்டில்தான் சயாமை உருவாக்கி எடுத்தார்கள். அந்தப் படமும் அங்கே தடைதான்.

ஆன்னா தம்மைப் பற்றியும் உண்மை சொல்லவில்லை என்பது இன்னொரு திருப்பம். வேல்ஸில் பிறந்ததாகவும், கணவர் இராணுவ மேஜர் என்றும், புலி வேட்டைக்குப் போய் வந்து வெயில் தாக்கி இறந்தார் என்றும் சொல்லி வந்தார். 1970-களில் சிலந்திகளை ஆராய்ந்து பேர்பெற்ற டபிள்யூ. எஸ். பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயர் அவருடைய மகனைப் பற்றி எழுதப் போய்ப் பதிவேடுகளைத் தோண்டினார். வேல்ஸில் பிறப்புப் பதிவு இல்லை. ஆன்னா பிறந்தது 1831-இல் இந்தியாவின் அகமத்நகரில், ஒரு சாதாரண சிப்பாய்க் குடும்பத்தில். தாய் வழியில் இந்திய இரத்தம் இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மேஜர் என்று சொல்லப்பட்டவர்தான் நம் பினாங்கில் விடுதி நடத்திய தோமஸ்.

இதை ஜொகூர் தோழி ஒரு மோசடியாகவே பார்த்தாள். எனக்கு அப்படிப் படவில்லை. 1860-களில் கலப்பினப் பெண் என்று தெரிந்தால் எந்த ஆங்கிலேய அதிகாரி தன் பிள்ளைகளை அவரிடம் படிக்க அனுப்பியிருப்பார்? பொய்தான் அவருடைய தகுதிச் சான்றிதழ். ஆனால் அந்தப் பொய்க்கு இன்னொருவரின் நாடு விலை கொடுத்தது என்பதும் உண்மை. நாடகத்தின் முதல் பகுதியில், இறந்த கணவரை நினைத்து ஆன்னா பாடும் பாட்டு ஒன்று வரும். ஓஹாரா அதைக் கொஞ்சமும் மிகைப்படுத்தாமல் பாடுகிறார். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குக் கெம்போஜா மரங்கள்தான் கண்ணுக்குள் வந்தன. அந்தத் துக்கமாவது பொய்யில்லை.

சரி, இப்படிப்பட்ட ஒரு நாடகத்தை ஏன் இன்னும் மேடையேற்ற வேண்டும்? பார்ட்லெட் ஷெர் இந்தக் கேள்வியிலிருந்து ஓடவில்லை என்றே நினைக்கிறேன். பழைய திரைப்படத்தில் இல்லாத ஒரு பாட்டு இதில் இருக்கிறது. அரண்மனைப் பெண்கள் ஐரோப்பியப் பாவாடைகளைச் சுமந்துகொண்டு, இந்த மேல்நாட்டார் எவ்வளவு விசித்திரமானவர்கள் என்று கேலி செய்கிறார்கள். மூத்த மனைவி தியாங்காக வரும் ரூத்தி ஆன் மைல்ஸ், குறையுள்ள ஒரு மனிதரை ஏன் இன்னும் நேசிக்கிறேன் என்று பாடும்போது, ஆன்னாவுக்கு ஒன்றும் தெரியாது என்பது ஆன்னாவுக்கே புரிகிறது. மைல்ஸுக்கு டோனி கிடைத்தது இந்த வேடத்துக்காகத்தான்.

ஆனால் நாடகத்தின் உயிர் இருப்பது இன்னொரு பெண்ணிடம். பர்மாவிலிருந்து மன்னருக்குக் காணிக்கையாக அனுப்பப்பட்ட துப்திம். அவள் காதலிப்பது வேறொருவனை. ஆன்னா அவளுக்கு ஒரு புத்தகம் தருகிறார்: அமெரிக்க அடிமைகளைப் பற்றிய ‘அங்கிள் டோம்ஸ் கேபின்’. ஆங்கிலேய விருந்தினர்களுக்கு முன்னால், சயாம் நாகரிகமான நாடுதான் என்று காட்ட மன்னர் ஏற்பாடு செய்த விருந்தில், அந்தக் கதையைச் சயாமிய நாட்டியமாக மாற்றி அரங்கேற்றுகிறாள் துப்திம். முகமூடிகள், நீளமான வெண்துணி ஆறாக விரிகிறது, புத்தர் பனியை அனுப்பி ஆற்றை உறைய வைக்க, ஓடி வரும் அடிமைப் பெண் கடந்து தப்பிக்கிறாள். ஜெரோம் ராபின்ஸ் 1951-இல் அமைத்த நடனத்தை அடிப்படையாகக் கொண்டுதான் இங்கேயும் ஆடுகிறார்கள். கதை சொல்லிக்கொண்டே வரும் துப்திம் ஒரு கட்டத்தில் நாடகத்தை மறந்து, கொடுமைக்கார அரசர்களைப் பற்றித் தன் குரலிலேயே பேசத் தொடங்குகிறாள். எதிரே மன்னர் உட்கார்ந்திருக்கிறார். நா யங் ஜியோன் அந்த இடத்தில் நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி கதைக்குத் திரும்புவார் பாருங்கள், மெகி ஆறிப்போனதுகூட எங்களுக்குத் தெரியவில்லை.

பாடமாகக் கொடுக்கப்பட்ட புத்தகத்தை எடுத்து, அதிகாரத்தின் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள் ஒரு மாணவி. ஆன்னாவால் செய்ய முடியாததை அவள் செய்கிறாள். அதற்கான விலையையும் அவள்தான் கொடுக்கிறாள். ஆன்னாவுக்கு ஊருக்குப் போகக் கப்பல் இருக்கிறது, துப்திமுக்கு இல்லை. இந்தக் காட்சியை வைத்துத்தான் என் ஆய்வை எழுதினேன்.

கெடா தோழிக்கு இதுவும் முழுத் திருப்தி தரவில்லை. மன்னர் ஜப்பானியர், மூத்த மனைவி கொரிய அமெரிக்கர், துப்திம் கொரிய வம்சாவளி, எழுதியவர்கள் அமெரிக்கர்கள். சயாமியர் எங்கே என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. அவளுடைய கிராமத்துக் கோயிலில் தாய்லாந்து மன்னர்களின் படங்கள் வரிசையாக மாட்டியிருக்குமாம். நமக்கு வேடிக்கையாகத் தெரியும் ஒருவரை அவள் சிறு வயதிலிருந்து கைகூப்பி வணங்கியிருக்கிறாள்.

கடைசிக் காட்சியில் மன்னர் படுத்த படுக்கையாக இருக்கிறார். துப்திமைச் சாட்டையால் அடிக்க ஓங்கிய கை, ஆன்னாவின் பார்வைக்கு முன்னால் தளர்ந்துவிட்டது. அந்த அவமானத்திலிருந்து அவர் எழவே இல்லை. பக்கத்தில் ஆன்னா. இளவரசர் சூலாலங்கோர்ன், இனி யாரும் தரையில் விழுந்து வணங்க வேண்டாம் என்று அறிவிக்க, தந்தையின் உயிர் பிரிகிறது. ஜொகூர்காரி மூக்கை உறிஞ்சினாள். எனக்கும் கண் கலங்கியது, மறைக்கவில்லை.

உண்மையில் நடந்தது வேறு. மோங்குட்டுக்கு வானியலில் பெரிய ஆர்வம். 1868 ஆகஸ்ட் 18 அன்று முழு சூரிய கிரகணம் வரும் என்பதையும், அது எங்கே நன்றாகத் தெரியும் என்பதையும் தாமே கணக்கிட்டு, தென்பகுதிக் கடற்கரையில் வா கோ என்ற இடத்தில் பெரிய முகாம் அமைத்தார். பிரெஞ்சு வானியலாளர்கள் வந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து, பினாங்கையும் மலாக்காவையும் சேர்த்து ஆண்ட ஆளுநர் சர் ஹேரி ஓர்ட் குடும்பத்தோடு வந்தார். கணக்கு பலித்தது, சூரியன் மறைந்தது. அதே கிரகணத்தை இந்தியாவின் குண்டூரில் கவனித்தவர் பிரெஞ்சு அறிஞர் ஜான்சென். அன்று எடுத்த அவதானிப்புகள் ஹீலியம் கண்டுபிடிக்கப்பட வழிவிட்டன என்பதை வேதியியல் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஆனால் வா கோவின் சதுப்பு நிலத்தில் மன்னரை மலேரியா பிடித்தது. அக்டோபர் 1 அன்று இறந்தார். ஆன்னா அப்போது சயாமிலேயே இல்லை.

இதைத் தோழியிடம் வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “அறிவியலுக்காக இறந்த மனிதரை ஒரு டீச்சர் திட்டியதால் இறந்தார் என்று ஆக்கிவிட்டார்களே” என்றாள். எனக்கு இந்த இசை நாடகத்தைப் பற்றிக் கிடைத்த ஆகச் சிறந்த விமர்சனம் அதுதான். இடுபணியில் அவள் அனுமதியோடு சேர்த்துக்கொண்டேன்.

இளவரசரின் அறிவிப்பு மட்டும் முழுக்கக் கற்பனை அல்ல. அரசரான பிறகு 1873-இல் சூலாலங்கோர்ன் விழுந்து வணங்கும் வழக்கத்தை நிறுத்தினார். அடிமை முறையையும் படிப்படியாக ஒழித்தார். 1871-இல் அவர் சிங்கப்பூருக்கு வந்து போனதன் நினைவாக அளித்த வெண்கல யானை, பழைய நாடாளுமன்றக் கட்டடத்தின் முன்னால் இன்றும் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் நின்று பாருங்கள். லிங்கன் வேண்டாம் என்ற யானைக்கு நம் பக்கத்தில் இடம் கிடைத்திருக்கிறது.

படம் முடிந்தபோது இரவு மணி இரண்டு. விவாதம் முடியவில்லை, விளக்கை அணைத்த பிறகும் இருட்டில் தொடர்ந்தது. இனி இந்த நாடகத்தின் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டேன் என்று கெடா தோழி சொன்னது என் காதில் விழுந்த கடைசி வார்த்தை. மறுநாள் காலை துணி துவைக்கும் இடத்தில் அவள் வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். வகுப்பறைக் காட்சியில் ஆன்னாவும் பிள்ளைகளும் பாடும் பாட்டை மெல்ல முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சட்டென்று நிறுத்திவிட்டாள்.